வீடும் சூரியனும்

நேற்றுப் பின்னேரம் கல்லடியில் மாமா வீட்டுத் திண்ணை. வெற்றிலையை மடித்தபடி 1977 தேர்தலுக்குப் போய்விட்டார். "மட்டக்களப்புக்கு அப்ப ரெண்டு எம்பி, மனே. ஆளுக்கு ரெண்டு புள்ளடி, ரெண்டு வாக்கு."

செல்லையா இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில். காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில். ஒரே பக்கத்து ஆட்கள், இரண்டு சின்னம்! மாமாவின் வீட்டிலேயே அண்ணன் தம்பி கதைக்கவில்லையாம். வென்றது சூரியன். இரண்டாவது ஆசனம் யூஎன்பிக்கு (ஐக்கிய தேசியக் கட்சி).

இராசதுரை சும்மா ஆளில்லை. 1956இல் முதல் தடவை பாராளுமன்றம் போனவர், 1977 வரை ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. மாநகர சபையின் முதல் மேயரும் அவர்தான். 'சொல்லின் செல்வர்' என்றுதான் ஊரில் பெயர். அவர் பேச்சைக் கேட்க மாமா வாவியில் தோணி வலித்துப் போனாராம் (பாதி கதையாகவும் இருக்கலாம், மாமாவல்லவா).

சரி, 1979இல் அதே மனிசன் யூஎன்பிக்கு மாறி அமைச்சரானார். அதைக் கேட்டால் மாமா முகம் சுருங்குகிறது. எனக்கென்னவோ, கிழக்கைக் கூட்டணித் தலைமை எப்படி நடத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேணும் என்றே படுகிறது.

"நீங்க ரெண்டு புள்ளடியும் ஆருக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்ப எழும்பிப் போய்விட்டார்.