சூதாட்ட மண்டபத்தில் என் ஆசனம்

மகாபாரதக் கதையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. அம்மாவின் ஊர் கிழக்கிலங்கையின் பாண்டிருப்பு. அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவத்தில் வனவாசத்தையும் அருச்சுனன் தவநிலையையும் தீமிதிப்பையும் ஆண்டுதோறும் கண்டு வளர்ந்தவன் நான். இருந்தும், 2013இல் இந்தியில் தொடங்கி, தமிழ்க் குரலுடன் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடரை, அலுவலகத்தால் வந்து முகம் கழுவிய கையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு நாளும் தவறவிடாமல் பார்த்தேன்.

அப்போது நான் கர்ணன் பக்கம். பல வருடங்கள் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருந்தும் நல்ல கிளைகள் எல்லாம் செல்வாக்குள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தன என்ற மனக்குறை எனக்குள் ஊறிக் கிடந்தது. தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்டவன் என்று தன்னையே நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. தன் பிழைகளைத் தேடும் வேலை மிச்சமாகிவிடும்.

சூதாட்டக் காட்சிகள் பல நாட்களுக்கு நீண்டன. இடியோசையோடு ஒவ்வொரு முகமாகத் திரும்பத் திரும்பக் காட்டும் பாணி எனக்குப் பிடித்தமானதல்ல. ஆனால் அந்தப் பாணிதான் அன்று என்னை அகப்படுத்தியது. பாஞ்சாலி நியாயம் கேட்கிறாள். பீஷ்மர் தலை குனிந்து இருக்கிறார். தருமம் நுட்பமானது என்ற அவருடைய மறுமொழியை அதற்கு முன்னரும் பலதடவை கேட்டிருக்கிறேன். அம்மா வெற்றிலையை மென்றபடி, "இந்தக் கிழவனுக்கு வாயில என்ன அடைச்சிருக்கு மனே?" என்றார்.

எனக்கு ஒரு பால் தேநீர்க் கோப்பை நினைவுக்கு வந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் அலுவலகக் கூட்டத்தில், வெள்ள நிவாரணப் பட்டியலில் சில குடும்பங்களின் பெயர்கள் விடுபட்டதற்காக இளம் பெண் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரை மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அந்தப் பெயர்களை வெட்டியது மேலதிகாரியேதான். அவருடைய கையெழுத்தில் திருத்தங்கள் இருந்த பிரதி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்தப் பெண் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தேநீரின் மேல் ஆடை படிவதையும், மின்விசிறிக் காற்றில் அது சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் மட்டும், "அந்தப் புள்ள சரியாத்தான் எழுதிச்சு சேர்" என்று சொல்லி, "உன் வேலையைப் பார்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார். இரண்டு கிழமைக்குள் அந்தப் பெண்ணுக்கு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு இடமாற்றம் வந்தது.

அன்றிரவு சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, அந்தக் கூட்டத்தில் யார் யார் எங்கே இருந்தோம் என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் விகர்ணன் உறைத்தான். கௌரவர் பக்கமிருந்து எழுந்து, தன்னையே தோற்றுவிட்ட தருமனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமையில்லை என்று வாதாடிய இளையவன் அவன். பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் அவன் பேச்சு உண்டு. அதற்கு மறுமொழி சொல்லி அவனை அடக்குபவன் கர்ணன். இத்தனை வருடமாக நான் எனக்காகத் தேர்ந்து வைத்திருந்த கர்ணன்! விகர்ணனின் இடத்திலோ தேநீர்த் தட்டேந்திய மனிதர் நின்றார். ஓய்வூதியத்தையும் வருடாந்த சம்பள ஏற்றத்தையும் சத்தியப்பிரமாணமாக எண்ணிக்கொண்டு பீஷ்மரின் ஆசனத்தில் இருந்தவன் நான். பீஷ்மருக்காவது தந்தைக்காக எடுத்த விரதம் என்று ஒன்றிருந்தது.

அதன் பின்னர் தொடர் முடியும் வரை, ஒவ்வொரு இரவும் அன்றைய காட்சிக்குக் கீழே அன்றைய அலுவலகத்தையும் சில வரிகள் எழுதினேன். பெரும்பாலான பக்கங்கள் சலிப்பூட்டுபவை; சிலவற்றை வாசிக்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் வேறொருவர் மீது பழி திரும்பியபோது, கோப்பு யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியுமாறு கேட்டேன். குரல் நடுங்கியது. மேலதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். ஆனாலும் அது பதியப்பட்டது.

ஒரு சனிக்கிழமை குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, படுவான்கரையிலுள்ள மண்டூர்க் கரைக்குப் போனேன். சட்டைப்பையில் அந்தப் பிரதி இருந்தது. வீட்டு வாசலில் நின்றே அதை வாசித்த அந்தப் பெண், மடிப்புக் குலையாமல் திரும்ப மடித்தார்.

"இதை அண்டைக்கே காட்டியிருக்கலாமே, சேர்."

பிரதியை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை. திரும்பும் பாதை புறப்படும் நேரமாகிவிட்டதென்று அவர்தான் நினைவூட்டினார்.