மீனா, கோழியா, ஆடா?

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் அரைத்த மசாலை விற்கும் கடைகள் இருக்கின்றன. மிளகாய் விழுது, மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு, சோம்பும் சீரகமும் சேர்த்து அரைத்தது என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். போய் நின்றதும் "மீனா, கோழியா, ஆடா?" என்பார்கள். அப்புறம் எத்தனை கிலோ, காரம் எப்படி என்று கேட்பார்கள். பதில் சொன்னால் போதும், கரண்டி கரண்டியாக அள்ளி ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எண்ணெயில் வதக்கிக் கறியைச் சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

நான் சமையல் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அப்படி ஒரு கடையின் முன்னால் நின்றுதான்.

இங்கே கல்யாணமாகாதவர்கள் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயது ஆகவேண்டும். அந்த வயது வரை அம்மா வீட்டில் இருந்தேன், அடுப்பங்கரையில் எனக்கு வேலையே இல்லை. தோ பாயோவில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்த பிறகுதான் அடுப்பைத் தொட்டேன். அதுவரை 'இந்திய உணவு' என்று யாராவது சொன்னால் என் நினைவுக்கு வந்ததெல்லாம் கோப்பிக்கடைப் புரோட்டா, மீ கோரிங், மீன்தலைக் கறி. அதில் மீ கோரிங்கை இந்தியாவில் தேடினால் கிடைக்காது. இங்குள்ள இந்திய முஸ்லிம்கள் சீன மஞ்சள் மீயை (நூடுல்ஸை) வைத்து உருவாக்கியது. மீன்தலைக் கறியும் இந்த ஊர்ச் சரக்குதான். 1949 வாக்கில் கோமெஸ் என்ற மலையாளி, மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தன் கடையில் போட ஆரம்பித்தது என்பார்கள். அம்மா வைக்கும் குழம்பும் ரசமும் எனக்கு எந்த நாட்டு உணவும் இல்லை, வெறும் சோறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பொட்டலத் தூள்களை வாங்கித்தான் சமைத்தேன். அதில் ஒன்றும் குறையில்லை, வேலை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் எதை வைத்தாலும் ஒரே வாசனை. அதனால் ஒரு சனிக்கிழமை மசாலைக் கடை அக்காவிடம், எல்லாவற்றையும் கலக்காமல் தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "எதுக்குத் தம்பி இவ்வளவு பை? வீட்டுல அம்மா இல்லையா?" என்றார். இருக்கிறார், ஈசூனில் இருக்கிறார் என்றேன். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பைகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. ஒரு கிலோ மீனுக்கு மல்லி, மிளகாயைவிடச் சற்றுத்தான் கூடுதல்; சோம்பு பேருக்குத்தான். கோழிக்குச் சோம்பு ஏறுகிறது. ஆட்டுக்கு மல்லி மிளகாயைப்போல இரண்டு மடங்கு, இஞ்சியும் கூட. ஏன் என்று அடுத்த முறை கேட்டேன். ஆடு ரொம்ப நேரம் வேகும், குழம்பு கெட்டியாக நிற்க மல்லி வேண்டும். மீனில் சோம்பு தூக்கினால் மீன் வாசனை செத்துப்போகும், அதற்கு வெந்தயம்தான் சரி என்றார். எத்தனையோ காணொளி பார்த்திருக்கிறேன், இதை இப்படி யாரும் சொல்லவில்லை.

அரைத்த விழுதில் இருக்கும் சங்கடம் தண்ணீர். தூளைப் போட்டால் நிமிடத்தில் கருகும். விழுது அவ்வளவு சீக்கிரம் கருகாது, ஆனால் சீக்கிரம் வேகவும் வேகாது. அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும் வரை விழுதின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. முதலில் பெரிய பெரிய குமிழியாக வந்து கையில் தெறிக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் குமிழி சிறிதாகும், தளதளவென்ற சத்தம் மாறிச் சரசரவென்று பொரியும். செங்கல் நிறம் கருஞ்சிவப்பாகும். அப்போது சட்டியின் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்து நிற்கும். 'எண்ணெய் பிரியும் வரை' என்று எல்லாரும் ஒரு வரியில் முடித்துவிடுகிற இடம் இதுதான். குறைந்த தீயில் எனக்குக் கால் மணி நேரமாவது ஆகிறது. இதைச் சுருக்கினால் குழம்பில் பச்சை வாசனை நிற்கும், அதற்கப்புறம் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் முழுசாகப் போகாது.

புளியும் அப்படித்தான், நேரம் பார்த்துச் சேர்க்க வேண்டியது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பும் காயும் மெதுவாகத்தான் வேகும். அதனால் சாம்பாருக்குப் பருப்பை முழுசாக வேகவைத்த பிறகு, முருங்கைக்காய் பாதிக்கு மேல் வெந்ததும் புளி. வெண்டைக்காய்க்கு மட்டும் நேர்மாறு: புளித்தண்ணீரில் போட்டால் குழையாமல் நிற்கும், வழவழப்பும் அடங்கும்.

இந்தியச் சமையல் குறிப்பை வைத்துச் சமைக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் கசகசா. குருமாவுக்குத் 'தேங்காயோடு ஒரு கரண்டி கசகசா' என்று எழுதியிருக்கும். இங்கே கடையில் கிடைக்காது. அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டக் கெடுபிடி. இந்தியாவிலிருந்து வரும் உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள், பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள். நான் முந்திரி போடுகிறேன். மலாய்க்காரர்கள் பயன்படுத்தும் புவா கெராஸ் என்ற கொட்டை இன்னும் கெட்டியாக நிற்கும், ஆனால் அதைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது, நன்றாக வேகவேண்டும்.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2011-இல் வந்த செய்தி சிலருக்கு ஞாபகம் இருக்கும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டுக் கறி வாசனை பிடிக்கவில்லை. சமரசப் பேச்சில், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி வைப்பதாக அந்த இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டதாம். செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்து, இனம் பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். என் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் புகார் வேறு மாதிரி. ஒரு கிண்ணம் கோழிக் குழம்பு கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, உருளைக்கிழங்கு போடாமல் என்ன கறி இது என்று கேட்டார். இப்போது போடுகிறேன், அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

பிரியாணியை மட்டும் வீட்டில் செய்வதில்லை. தேக்காவில் மசாலை வாங்கப் போகும்போதே உணவங்காடியில் நல்ல பிரியாணி கிடைக்கிறது, ஒருவனுக்காக எதற்கு அரைநாள் வேலை?

நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால், திங்கட்கிழமை போகாதீர்கள், மீன் கடைகள் பலவும் மூடியிருக்கும். மசாலையைத் தனித்தனியாகக் கேட்பதானால் காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் போங்கள். மிஞ்சியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தேங்காய் அரைத்துச் சேர்த்ததை மட்டும் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.