அம்மாவுக்கு ஐந்து பிரதி

நியூ ஜெர்சியில், கூட வேலை பார்ப்பவர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. ஸ்பீக்கரில் ஒரு பழைய ராக் பாட்டு. எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வரி வந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். எங்களிடம் அசல் இந்திய குரு இருக்கிறார் என்று பாடகர் பெருமையடிக்கும் இடம் அது. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து முழுதாகக் கேட்டேன். 'தி கவர் ஆஃப் ரோலிங் ஸ்டோன்', 1972-இல் வந்தது. எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டீன். இங்கே பிள்ளைகள் படிக்கும் 'தி கிவிங் ட்ரீ' அவருடையதுதான். பாடிய டாக்டர் ஹூக் குழு இதே நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டியில் உருவானது. காசு வருகிறது, ரசிகைகள் வருகிறார்கள், நரைத்த தலை அப்பாவே லிமோசின் ஓட்டுகிறார்; ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் அட்டையில் மட்டும் படம் வரமாட்டேன் என்கிறதே என்று புலம்புகிறார்கள். 1968-இல் பீட்டில்ஸ் பாட்டுக் குழு ஒரு குருவைத் தேடி ரிஷிகேஷ் போய் வந்த காலத்துப் பகட்டில் குருவும் ஒரு சாமான். கேலி நம் மேல் இல்லை, அவர்கள் மேல். சரி, கோபம் போயிற்று.

ஆனால் படம் வந்தால் அம்மாவுக்கு ஐந்து பிரதி வாங்குவேன் என்கிறாரே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனி தள்ளுவதும் காரமில்லாத சாப்பாடும் இப்போது ஒரு விஷயமே இல்லை. அந்த வரியோ நேராகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாவுக்குக் கொண்டுபோய்விட்டது. அண்ணன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தான். கொடை நோட்டீஸில், வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில், குழுவின் பெயர் வரும். அவன் பெயர் வராது. அம்மா அதற்காக நோட்டீஸை வாங்காமல் இருந்ததில்லை. விழாக் கமிட்டிக்காரர்களிடம் கேட்டு வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்து, மிச்சத்தை ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைப்பாள். வந்தவர்களிடம் எடுத்துக் காட்டி, "இதுல நம்ம பயதான் வாசிக்கான்" என்பாள். புகழுக்கு ஏங்குகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராததற்கு அம்மாதான் காரணம். பெயர் அச்சில் வரவேண்டும் என்பதில் பாதி ஆசை வீட்டில் இருக்கிறவர்களுக்காக.

டாக்டர் ஹூக் கடைசியில் அட்டையில் வந்தார்கள், 1973 மார்ச்சில். புகைப்படம் இல்லை, கேலிச்சித்திரம். குழுவின் பெயரையும் போடாமல், 'பேர் என்னமோ, அவர்கள்' என்கிற மாதிரி அச்சிட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஏலே, பேரு போடலன்னா என்ன, அவன் அம்மாக்கு அஞ்சு காப்பி வாங்கிக் குடுத்தானா இல்லையா?"