லூக் ஹாஃப்மன்: சதுப்பு நிலத்தை விலைக்கு வாங்கிய ஆய்வாளர்

கோடியக்கரையையும் பள்ளிக்கரணையையும் இன்று ராம்சார் தலங்கள் என்கிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையை உருவாக்கியவர்களுள் என்னை மிகவும் ஈர்த்தவர் லூக் ஹாஃப்மன். 1923-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த அவர், ரோஷ் மருந்து நிறுவனத்தை நிறுவியவரின் பேரன். குடும்பத் தொழிலுக்குப் போகாமல் விலங்கியல் படித்து, ஆலா என்னும் நீர்ப்பறவையின் குஞ்சுகளின் நிற வேறுபாடுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வுக்காகச் சென்ற தென் பிரான்சின் கமார்க் கழிமுகத்திலேயே, தூர் து வலா என்ற பண்ணையை வாங்கி, 1954-இல் அங்கே ஆய்வு நிலையம் தொடங்கினார். சதுப்பு நிலம் என்றாலே கொசுவும் மலேரியாவும் என்றிருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே நெல் சாகுபடி பெருகியபோது, ரோன் ஆற்றிலிருந்து வயலுக்கு இறைத்த நன்னீர் வடிந்து, கோடையில் காய்ந்து உப்புப் பூக்க வேண்டிய ஏரிகளின் இயல்பையே மாற்றியது.

1960-களில் பல ஆண்டுகள் பூநாரைகள் அங்கே குஞ்சு பொரிக்கவில்லை. 1970-இல் உப்பளம் ஒன்றின் நடுவே அவற்றுக்காகவே ஒரு தீவு அமைக்கப்பட்டது. பறவைகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பூநாரை சேற்றைக் கூம்பாகக் குவித்து, உச்சியிலுள்ள குழியில் ஒரே ஒரு முட்டையிடும். அதுவும் பெருங்கூட்டமாகத்தான் இடும். ஆகவே ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான சேற்றுக் கூடுகளைத் தாங்களே செய்து, ஏற்கெனவே குடியேறிய இடம்போல் காட்டினார்கள். 1974-இல் பறவைகள் வந்து முட்டையிட்டன. என்னைப் பொறுத்தவரை, எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளுக்கு இந்தப் போலிக் கூடுகள் ஈடாகும்.

ஒரு பண்ணையைக் காப்பாற்றினாலும் வலசைப் பறவை அடுத்து இறங்கும் குளம் வற்றிவிட்டால் பயனில்லை. இதை உணர்ந்தே, 1962-இல் கமார்க்கில் பன்னாட்டு மாநாடு ஒன்றைக் கூட்டினார். அதில் எழுந்த எண்ணம் எட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1971 பிப்ரவரியில் ஈரானின் ராம்சார் நகரில் 18 நாடுகளின் உடன்படிக்கையாயிற்று. அதற்கு முன்பே, 1961-இல், உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகவும் இருந்தார். ஸ்பெயினின் தொன்யானா, மொரிட்டேனியாவின் பாங் தார்கென் ஆகிய ஈரநிலங்கள் பாதுகாக்கப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு.

பணம் இருந்ததால் செய்தார் என்று சிலர் சொல்லக்கூடும், உண்மைதான். ஆனால் பரம்பரைச் செல்வர்கள் எத்தனை பேர் அதைச் சேற்றில் போட்டார்கள்? 2016-இல், 93-ஆம் வயதில், தூர் து வலாவிலேயே காலமானார். 1994-இல் அவர் தொடங்கிய மாவா அறக்கட்டளை, முன்பே திட்டமிட்டபடி தன் நிதியைச் செலவழித்து, 2022-இல் மூடப்பட்டது. ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது.