ஆறிய தசைக்கு நெடுநேரப் பயிற்சி

கெண்டைக்காலிலோ பின்தொடையிலோ தசை கிழிந்து, வலி அடங்கியபின் எப்போது ஓடத் தொடங்கலாம் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுடைய பெற்றோரும் வாசிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பலர் மருந்துப் புக்கை கட்டிக்கொண்டு வாரக்கணக்காகக் காலை ஊன்றாமலே இருந்துவிடுகிறார்கள். நடையும் சைக்கிளும் ஆறிய தசைக்கு எவ்வளவு தேவை என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தசையை ஆக்கும் இழையான தசைநாரின் மென்சவ்வுக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடையில் சிறு கலங்கள் (செல்கள்) ஒட்டிக்கொண்டிருப்பதை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையில் கண்டு எழுதினார். காயம் பட்டதும், இறந்த நாரை விழுங்குகலங்கள் அகற்ற, இந்தத் துணைக்கலங்கள் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, எஞ்சிய உறைக்குள்ளேயே புதிய நாரை உருவாக்குகின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சாதாரண நாரில் ஓரத்தில் இருக்கும் கரு, புதிய நாரில் நட்டநடுவில் இருக்கும்; எலிகளில் இந்த அடையாளம் மாதக்கணக்கில் அழிவதில்லை. இந்த ஆய்வுகளுக்குப் பல வேளைகளில் பாம்பு நஞ்சும் பயன்படுகிறது என்பது நாகத்தையும் புடையனையும் அறிந்த நமக்கு வியப்பாக இருக்கலாம். அவுஸ்திரேலியப் புலிப்பாம்பின் நஞ்சிலுள்ள நொடெக்சின் என்னும் பொருள் தசைநாரை அழித்தாலும் உறையையும் துணைக்கலங்களையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது.

நெடுநேர ஓட்டம் எலித்தசையில் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகளைப் பெருக்குகிறது என்பதை ஜோன் ஹொலோசி 1967இல் காட்டினார். மீண்டெழுந்த நாரும் பயிற்சிக்கு இணங்கக்கூடியதே. எலியை ஓடவிட்டால், நொடெக்சினால் சிதைந்த அதன் தசை, இழந்த நிறையை மேலும் நன்றாக மீட்டுக்கொள்கிறது. ஆனால் புதிய நார் எவ்வகையாக வளரும் என்பது நரம்பின் கையில் இருக்கிறது. கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள சோலியஸ் தசை, நரம்புத் தொடர்பு இல்லாமல் மீண்டெழுந்தால், களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் மெதுவகை நாராக மாறுவதே இல்லை. ஆகவே, நீண்ட நடையின்போது நரம்பு இடைவிடாது அனுப்பும் மெல்லிய தூண்டல்களே அந்த இளம் நாருக்குக் கிடைக்கும் பயிற்சி என்று நான் கருதுகிறேன்.

மைதானத்தில் நேரும் கிழிவு நஞ்சுக் காயத்தைப் போன்றதன்று. உறையும் அறுந்துவிடுவதால் இடையில் வடு விழுகிறது, அந்த வடுவை எந்த ஓட்டமும் தசையாக்காது. பின்லாந்தின் யார்வினென் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வுகளில், காயம் பட்ட உடனேயே இயங்கவிட்டபோது வடு பெரிதாயிற்று, நெடுநாள் கட்டிவைத்தபோது தசை மெலிந்தது. சில நாள் ஓய்வும் அதன்பின் படிப்படியான இயக்கமுமே பலன் தந்தன.

அண்மையில் ஒரு கரப்பந்தாட்டப் பிள்ளையின் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தேன். வலி அறவே இல்லை, எனினும் விரலுக்கு ஒரு சிறு பள்ளம் தட்டுப்பட்டது. ஒற்றைக்காலில் குதிக்காலை உயர்த்தச் சொன்னபோது பாதித் தூரத்திலேயே நடுங்கியது. அத்தகையவருக்கு மேடில்லாத நம் தெருக்களில், ஆசனத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக மிதிக்கும் சைக்கிளே முதற்படி. தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். துள்ளி அடிக்கும் வலுவை நெடுநேரப் பயிற்சி மட்டும் திருப்பித் தராது. படி விளிம்பில் நின்று குதிக்காலை மெல்ல இறக்கும் பயிற்சியை, இயன்மருத்துவரின் கண்பார்வையில், அதனோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.