வெள்ளம் வடிந்த பின் கிணறுகள்

மே 22, 2016, ஞாயிறு

கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியில் தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பெய்யும் மழை களனி கங்கையாக 145 கிலோமீற்றர் ஓடி வந்து கொழும்பில்தான் கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த சதுப்பு நிலங்களில் பலவற்றை மண் போட்டு நிரப்பிவிட்ட பிறகு, கங்கை பெருகும்போது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்குவதில் வியப்பில்லை. நேற்று வெசாக். எங்கள் தெருவில் தன்சலுக்கென்று, அதாவது வெசாக் அன்னதானத்துக்கென்று, சேர்த்த அரிசியும் பருப்பும் நேரே முகாம்களுக்குப் போயின.

வெள்ளவத்தையில் உள்ள மிஷன் மண்டபமொன்றில் இன்று கூடினோம். உணவுப் பொதி கட்டுவதற்கு ஆள் நிறைய இருப்பதால் எங்கள் குழு கிணறுகளைப் பொறுப்பேற்றது. குழாய்த் தண்ணீர் உள்ள வீடுகளிலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணறுதான். வெள்ளம் மலசலகூடக் குழிகளையும் கிணறுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் போயிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் மட்டக்களப்பில் இதே வேலையைச் செய்த பொறியியலாளர் அண்ணா ஒருவர் எங்களை வழிநடத்துகிறார். அங்கே கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி வந்ததை அவர் விளக்கிய பிறகு, பம்புகளைத் தூக்கிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும் என்று துடித்த இளைஞர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

மே 26, வியாழன்

இன்று முதல் ஒழுங்கையில் இறங்கினோம். சேறு காயத் தொடங்கியிருக்கிறது. நனைந்த மெத்தைகளும் புத்தகங்களும் வாசல்தோறும் குவிந்து கிடக்கின்றன. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் எவரும் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைத்துவிட வேண்டும் என்றுதான் எல்லா வீட்டுக்காரரும் கேட்கிறார்கள். சுற்றியுள்ள மண் நீரில் ஊறிப்போய் நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால், வெளிப்பக்க அழுத்தத்தில் கொங்கிரீற் வளையங்கள் விலகலாம், சுவரே உள்ளே சரியலாம். ஆகவே கொஞ்சம் இறைத்து, ஊற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்து, வளையங்களின் மூட்டுகளை டோர்ச் வெளிச்சத்தில் சோதித்து, அதன் பிறகே மேலும் இறைக்கிறோம். பம்பின் பெற்றோல் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்குவதில்லை. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தங்கிவிட்டால், கீழே இறங்குபவர் மூச்சு முட்டுவதை உணரும் முன்பே மயங்கி விழுவார். இந்த விடயத்தில் அண்ணா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, அது சரியே.

மே 29, ஞாயிறு

கிருமியை அழிக்க ஒரு கிணற்றுக்குக் குளோரின் இடும் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். குறுக்களவு நான்கடி, நீரின் ஆழம் பத்தடி. கொள்ளளவு ஏறத்தாழ 3,500 லீற்றர். எங்களிடம் இருப்பது 70 சதவீதக் குளோரின் வலுவுள்ள குறுணல். அதில் 100 கிராமை எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினால் லீற்றருக்கு 20 மில்லிகிராம் வீதம் சேரும். ஊற்றியதும் வாளியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி இறக்கித் தூக்கிக் கலக்க வேண்டும், உட்சுவரையும் அதே கரைசலால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு இரவு முழுவதும் எவரும் தொடாமல் விட்டு, காலையில் குளோரின் அளவு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு இறங்கும் வரை இறைக்கிறோம்.

நீர் கலங்கலாக இருந்தால் இவ்வளவும் வீண். சேற்றுத் துகள்களே குளோரினைத் தின்றுவிடும், கிருமி தப்பிவிடும். ஆகவே முதலில் தெளிவு, பிறகுதான் மருந்து. கடையில் வாங்கி மூடாமல் வைத்த ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவதையும் பல வீடுகளில் கண்டோம். திறந்து கிடந்த பவுடர் வலுவிழந்து போகும், மணம் மட்டும் மிஞ்சும். மணத்தை நம்பி ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

ஒரு வீட்டு உம்மா, குளோரின் அளவு பார்க்கும் சோதனைக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோதனை மாத்திரை கரையக் கரைய நீர் இளஞ்சிவப்பாக மாறியது. "இந்த நிறம் கூடினா மருந்து கூட, நிறமே வராட்டி மருந்தில்லை, அப்படித்தானே மகன்?" என்று கேட்டார். அப்படியேதான் என்றேன். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அவரே விளக்கத் தொடங்கினார், நான் ஒதுங்கி நின்று கேட்டேன்.

ஜூன் 6, திங்கள்

நேற்று மாலை கொஸ்கமவுக்கு அருகே சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்தது. அவிசாவளை வீதி நெடுக மக்கள் கைக்குழந்தைகளோடு ஓடி வந்ததை இரவு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தோம். குளோரின் பெட்டியோடு அங்கே போகலாமா என்று குழுவில் சிலர் கேட்டார்கள். அண்ணா மறுத்தார், நானும் அவர் பக்கமே நின்றேன். வெடிமருந்து எச்சமும் உலோகமும் கிருமிகள் அல்ல; குளோரின் அவற்றை அழிக்காது, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்ற பொய்யான நம்பிக்கையையே அது மக்களுக்குத் தரும். அங்குள்ள கிணற்று நீர் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், அதுவரை பவுசரில் (தண்ணீர் லொறியில்) குடிநீர் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்த வெற்றுத் தண்ணீர்த் தாங்கிகளை மாத்திரம் அனுப்பி வைத்தோம்.

ஜூன் 11, சனி

நோன்பு தொடங்கிவிட்டதால் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம். நோன்போடு பம்பைத் தூக்கிச் சுமக்கும் இளைஞர்களை வெயிலில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. சுத்தம் செய்த சில கிணறுகளில் குளோரின் முற்றாக இறங்கிவிட்டது. மலசலகூடக் குழி மிக அருகில் இருக்கும் இடங்களில் ஒருமுறை மருந்திட்டு விட்டுவிடுவது போதாது, மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒழுங்கைக்கு ஒருவர் என்று தெரிந்தெடுத்து, சோதனைப் பெட்டியையும் அளவுக் கரண்டியையும் கொடுத்துப் பழக்குகிறோம். அன்று கேள்வி கேட்ட உம்மாதான் தன் ஒழுங்கைக்குப் பொறுப்பு. அவருடைய கொப்பியில் வீட்டு இலக்கம், திகதி, நிறம் என்று மூன்று பத்திகள் கோடு போட்டுத் தயாராக இருக்கின்றன. செதவத்தை ஒழுங்கைகளுக்குச் சோதனை மாத்திரைகள் போதவில்லை; திங்கட்கிழமை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதாக அண்ணா சொல்லியிருக்கிறார்.