ஃப்ரீமான்ட் தொகுதி எல்லைக்காக நாங்கள் பேசியது

2021-ல் கலிஃபோர்னியாவில் தொகுதி மறுவரையறை நடந்தபோது, ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நாங்கள் சில இந்தியக் குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் ஊரைப் பிரிக்காமல் ஒரே தொகுதியில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பதிவு செய்தோம். அடுத்த முறை பேசப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எல்லைக்கோடு எங்கே போனால் என்ன என்று கேட்பவர்களிடம் லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுனைத்தான் சொல்வேன். 1992 கலவரத்தில் கடைகள் எரிந்து, உதவி கேட்டுப் போன கொரியர்களிடம் "அது என் தொகுதி இல்லை" என்று பிரதிநிதிகள் கைவிரித்தார்கள். அந்தப் பகுதி பல தொகுதிகளாகத் துண்டுபட்டுக் கிடந்ததுதான் காரணம். எங்கள் ஃப்ரீமான்ட்டும் 2011 வரைபடத்தில் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளாகப் பிரிந்திருந்தது.

எல்லையை வரைவது 14 பேர் கொண்ட குடிமக்கள் கமிஷன். டெமாக்ரட் 5, ரிபப்ளிகன் 5, இரண்டிலும் சேராதவர்கள் 4. வரையும்போது அவர்கள் முதலில் பார்ப்பது சம மக்கள்தொகை, அடுத்து சிறுபான்மையினரின் ஓட்டைக் காக்கும் கூட்டாட்சி அரசின் ஓட்டுரிமைச் சட்டம், அப்புறம்தான் நகரமும், பொது நலன்களால் பிணைந்த சமூகங்களும். அப்போது ஓட்டுரிமைச் சட்டத்தின்படி ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் ஓட்டு சிதறாத தொகுதியைக் கேட்க, அங்கே வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் அவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. இந்தியர்களை மட்டும் எண்ணினால் அது நடக்காது. ஆகவே எங்களுக்கு இருந்த வழி, பொது நலன் என்ற வாதம்தான். அதில் கட்சியைப் பற்றியோ இப்போதைய உறுப்பினரைப் பற்றியோ பேசினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கமிஷனின் இணையக் கருவியில் நம் பகுதியை நாமே வரைந்து காட்டலாம். சும்மா "இங்கே ஆசியர்கள் அதிகம்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை, ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நாங்கள் 880 நெடுஞ்சாலையை ஒட்டிய பக்கத்து ஊர்களான நுவார்க், மில்பிடாஸையும் சேர்த்துக் கேட்டோம். மில்பிடாஸ் வேறு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஆனால் வேலையும் கடையும் கோவிலும் எங்களுக்கு அந்தப் பக்கமும்தான். ஆங்கிலம் தெரியாத பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற சிரமத்தையும் எழுதினோம். ஃப்ரீமான்ட்டின் சென்டர்வில் பகுதியில் வாழும் ஆப்கன் குடும்பங்களுக்கும் இதே கஷ்டம் உண்டு.

பக்கத்து வீட்டு அக்கா எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர். "எனக்கு ஓட்டே இல்லையே, நான் என்னத்தப் பேசுறது?" என்றார். "சென்சஸ்ல உங்களையும்தானே எண்ணியிருக்காங்க அக்கா, அந்தக் கணக்கை வச்சுத்தானே தொகுதி பிரிக்கிறாங்க" என்றேன். ஓட்டு இல்லாதவரும் கருத்துச் சொல்லலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

கூட்டங்கள் ஜூமில் நடந்தன. போனில் அழைத்து, ஸ்டார் ஒன்பதை அழுத்திக் கை உயர்த்திவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். பேசக் கிடைப்பதோ கொஞ்ச நேரம்தான். அக்கா தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அம்மாவின் மருந்துச் சீட்டைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருப்பதைச் சொன்னார். நானும் பேசினேன், ஆனால் அன்று கனமாக விழுந்தது அவர் பேச்சுதான்.

நவம்பரில் வரைவு வந்ததும் மறுபடி பார்த்துக் கருத்து அனுப்பினோம். வரைவு வந்த பிறகு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். கோடுகள் அதற்கப்புறமும் நகர்கின்றன.

டிசம்பர் 27 அன்று இறுதி வரைபடம் ஒப்படைக்கப்பட்டது. ஃப்ரீமான்ட், நுவார்க், மில்பிடாஸ் மூன்றும் 24-ஆம் சட்டமன்றத் தொகுதியில் வந்தன. எங்கள் பேச்சால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், பல அமைப்புகள் இதற்காக உழைத்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான வரைபடத்தில் ஃப்ரீமான்ட் 14, 17 என்று இரண்டு தொகுதிகளாகப் பிரிந்தே போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அந்தக் காங்கிரஸ் வரைபடத்தையும் 2025 நவம்பரில் மாநிலத்தில் நடந்த வாக்கெடுப்பு ஒதுக்கி வைத்துவிட்டது. 2030 சென்சஸுக்குப் பிறகு கமிஷன் மறுபடி வரையும்போது, இந்த 14, 17 பிரிவைப் பற்றித்தான் முதலில் பேசப் போகிறோம்.